விழிஞ்ஞத்துக் காற்றும் எட்டு பேரிங்குகளும்

சற்று நீண்ட பதிவு. உலோக அரிமானத்தை ஆய்வு செய்வோரும் அத்துறைக்கு வர எண்ணும் மாணவர்களும் இறுதிவரை வாசித்து, மறுப்பிருப்பின் எழுத வேண்டுகிறேன். லாங்போர்டு ஓட்டும் நண்பர்கள் இடையில் வரும் மண்ணெண்ணெய்ப் பகுதியை மட்டும் வாசித்தாலும் போதும்.

சென்ற ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு காலைப்பொழுதில், முக்கோலைக்கு அருகே, புறவழிச்சாலையை ஒட்டிய சேவைச் சாலையில் என் லாங்போர்டின் கிங்பின் முறிந்தது. லாங்போர்டை அறியாதோர்க்குச் சிறு விளக்கம். அது ஒரு நீண்ட மரப்பலகை. அடியில் முன்னும் பின்னுமாக இரண்டு உலோகத் தாங்கிகள் உண்டு; அவற்றை டிரக் என்பர். ஒவ்வொரு டிரக்கின் குறுக்கேயும் ஓர் எஃகு அச்சு, அச்சின் இரு முனைகளிலும் சக்கரம், ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் இரண்டு பேரிங். ஆக நான்கு சக்கரம், எட்டு பேரிங். டிரக்கின் இரு பகுதிகளையும் ஒன்றாகப் பிடித்து நிற்கும் தடித்த போல்ட்டுக்குக் கிங்பின் என்று பெயர். அது முறிந்தால் சக்கரங்கள் ஒரு திசையிலும் ஓட்டுபவர் வேறொரு திசையிலும் போக நேரும். நான் மெதுவாகச் சென்றுகொண்டிருந்ததால் முழங்கைத் தோல் உரிந்ததோடு தப்பினேன். அதற்குப் பத்து நிமிடம் முன்புவரை அதே பலகையில் நின்று சரிவில் இறங்கிக்கொண்டிருந்தவன், நான் குடியிருக்கும் வீட்டுக்காரரின் பன்னிரண்டு வயது மகன்.

முறிந்த போல்ட்டை அன்றிரவு விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். முறிமுகத்தில் பிறை வடிவில் ஒரு பகுதி மங்கிய பழுப்பாக இருந்தது; எஞ்சிய பகுதி சர்க்கரைப் படிகம்போல் மின்னியது. மின்னியது அன்று காலை முறிந்த பகுதி. பழுப்பேறியது பல வாரங்களாகவே பிளந்து, உள்ளே ஈரம் புகுந்து, துருவேறிக் காத்திருந்த பகுதி. அதன் தோற்றுவாயும் எனக்குத் தெரிந்ததே. ஆவணி மாதத்தில் டிரக்கைக் கழற்றியபோது கிங்பின்னில் துரு கண்டு, இணையத்தில் பலர் சொல்லும் வழியைப் பின்பற்றி, அதை ஓரிரவு முழுதும் வினிகரில் ஊறவைத்திருந்தேன். காலையில் போல்ட் பளபளவென்று வெளிவந்தது. மகிழ்ந்து மீண்டும் பூட்டினேன்.

வினிகர் துருவை மட்டும் கரைத்துவிட்டு நிற்பதில்லை. முதலில் போல்ட்டின் மேற்பூச்சான துத்தநாகத்தைக் கரைக்கிறது, பிறகு துருவை, அதன்பின் எஃகையே தின்னத் தொடங்குகிறது. அப்போது உண்டாகும் ஹைட்ரஜனில் ஒரு பகுதி குமிழாக வெளியேற, ஒரு பகுதி உலோகத்துக்குள் புகுகிறது. மென்மையான எஃகு இதைப் பொறுத்துக்கொள்ளும். கடினப்படுத்திய உயர்வலிமை எஃகு பொறுக்காது. இறுக்கிப் பூட்டிய நிலையில் அதனுள் நுண்விரிசல் தோன்றி வளரும். இரும்பியல் பாடநூல்கள் அனைத்திலும் உள்ள செய்தி இது. நான் அதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றவன்.

இன்னும் வெட்கத்துக்குரிய செய்தி ஒன்று உண்டு. என் முனைவர் பட்ட ஆய்வின் பொருளே, அமிலத்தில் இரும்பு அரிக்கப்படாமல் காக்கும் தாவரச் சாறுகள். ஓர் இலையைப் பறித்து, உலர்த்தி, சாறெடுத்து, ஒரு மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கலந்து, அதில் எஃகுத் தகட்டைத் தொங்கவிட்டு, எடை இழப்பை அளந்து, தடுப்புத் திறன் இத்தனை விழுக்காடு என்று எழுதுவது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் வேதியியல் துறைகளில் இவ்வாய்வு எத்துணை மலிந்தது என்பதை இதை வாசிக்கும் நண்பர்கள் அறிவர். வேம்பு முடிந்தது, துளசி முடிந்தது, முருங்கை முடிந்தது. புதிதாகச் சேர்வோர் பெயர் தெரியாத செடியைத் தேடி மலையேற வேண்டிய நிலை. வாழ்நாளில் என் ஆய்வு எனக்கு நேரடியாகப் பயன்பட்டிருக்கக்கூடிய ஒரே தருணம் அந்த வினிகர்க் கிண்ணம். அப்போதுகூட அது என் நினைவுக்கு வரவில்லை.

அந்த முறிவே இப்பதிவுக்குக் காரணம். விழிஞ்ஞம் போன்ற கடற்கரையில் துருவைத் தடுப்பது பொருளின் தரத்தைவிட அன்றாடப் பராமரிப்பையே பெரிதும் பொறுத்தது. நம் துறையோ பராமரிப்பை அறிவாகக் கருதுவதே இல்லை.

முதலில் இக்காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1991இல் சென்னை ஐ.ஐ.டி. இங்குள்ள மீன்பிடித் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரை ஒட்டி 150 கிலோவாட் அலைமின் நிலையம் ஒன்றை அமைத்தது. அலை ஏறும்போது அறைக்குள் இருக்கும் காற்று வெளியே தள்ளப்படும். இறங்கும்போது உள்ளே இழுக்கப்படும். இரு திசையிலும் பாயும் காற்றில் ஒரே திசையில் சுழலும் டர்பைன் அங்கே இருந்தது. உப்புத்துளி ஏந்திய காற்றை இரவும் பகலும் மூச்சாக இழுத்து விட்ட எந்திரம் அது. நம் பலகையிலுள்ள பேரிங்கும் சிறிய அளவில் அதையே செய்கிறது. வெயிலில் ஓடிச் சூடேறியபின் நிழலில் குளிரும்போது, தன் இடுக்குகளின் வழியே ஈரக்காற்றை உள்ளிழுக்கிறது.

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் வேண்டும் என்பது பள்ளிப்பாடம். தூய காற்றில் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டாதவரை துருவேறுவது மிக மெதுவாகவே நிகழும். கடலோரத்தில் இக்கணக்கு செல்லாது. உலோகத்தின்மேல் படியும் உப்பு, காற்றிலுள்ள ஈரத்தைத் தானே உறிஞ்சிக் கரையக்கூடியது. சோடியம் குளோரைடு 75 விழுக்காட்டு ஈரப்பதத்தில் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்துள்ள மெக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும். விழிஞ்ஞத்தின் காற்று ஆண்டில் எந்நாளும் அவ்வளவு வறள்வதில்லை. அதாவது, கண்ணுக்கு உலர்ந்ததாகத் தெரியும் அச்சின்மேல் எப்போதும் ஓர் உப்புநீர்ப் படலம் இருக்கிறது. மழையில் ஓட்டவில்லை, கடற்கரை மணலில் ஓட்டவில்லை, பிறகு ஏன் துரு என்று வியப்போர்க்கு விடை இது. பலகையை வீட்டு முற்றத்தில் சாய்த்து வைத்திருந்ததே போதும்.

அப்படலத்தில் உள்ள குளோரைடு அயனி, இரும்பின் மேற்பரப்பைக் காக்கும் மெல்லிய ஆக்சைடு படலத்தை ஆங்காங்கே துளைக்கிறது. துரு எழும்போது மூல உலோகத்தைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். 8 மில்லிமீட்டர் அச்சுத்துளையும் 22 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் கொண்ட ஒரு பேரிங்குக்குள், உருளைக்கும் தடத்துக்கும் இடையே உள்ள இடைவெளி மிக நுண்ணியது. அங்கே துருப்பொடி சேர்ந்தால் முதலில் கரகரவென்ற ஓசை வரும். பிறகு ஒருநாள் சக்கரம் நின்றுவிடும், ஓட்டுபவரோ நிற்கமாட்டார்.

(இடையில் ஒரு சொல்லாராய்ச்சி. இங்குள்ள மலையாளிகள் துருவைத் ‘துரும்பு’ என்கின்றனர். தமிழில் துரும்பு என்றால் வைக்கோல் துணுக்கு. வந்த புதிதில் பக்கத்து வீட்டார் ‘உன் சக்கரத்தில் முழுதும் துரும்பு’ என்றபோது, வைக்கோலைத் தேடிக் குனிந்து பார்த்தேன். ஈழத்து நண்பர்கள் கறள் என்பர். மூன்று சொல்லும் என் பலகைக்குப் பொருந்திய காலம் அது.)

சிக்கலைச் சொன்னவுடன் நண்பர்கள் தரும் முதல் அறிவுரை, நல்ல பொருளாக வாங்கு என்பது. அதைச் சற்று ஆராய்வோம். பெரும்பாலான பேரிங்குகள் ஒரு விழுக்காடு கார்பனும் ஒன்றரை விழுக்காடு குரோமியமும் கொண்ட எஃகால் ஆனவை. தேய்மானத்தைத் தாங்கும், துருவைத் தாங்கா. துருப்பிடிக்காத எஃகு என்று விற்கப்படும் பேரிங்கில் குரோமியம் ஏறத்தாழ 17 விழுக்காடு இருக்கும். ஆனால் கடினத்துக்காகக் கார்பனையும் மிகுதியாகச் சேர்த்திருப்பதால், அக்குரோமியத்தில் ஒரு பங்கு கார்பனோடு பிணைந்து, காவல் காக்கும் வேலையிலிருந்து விலகிவிடுகிறது. உப்புக்காற்றில் அதுவும் புள்ளி புள்ளியாக அரிபடும், சற்றுத் தாமதமாக. செராமிக் பேரிங் என்பதில் உருளைகள் மட்டுமே செராமிக். அவை ஓடும் தடங்கள் பெரும்பாலும் எஃகே. சாதாரணப் பேரிங்கின் பல மடங்கு விலை கொடுத்து வாங்கியதன் தடத்திலும் துருவேறியதைக் கண்டு மனம் நொந்த நண்பர் ஒருவர் உண்டு. பேரிங் மேலுறையில் அச்சிட்டிருக்கும் ஏபெக் எண்ணைத் துருத்தடுப்பின் அளவாகக் கொள்வோரும் உளர். அது அளவுத் துல்லியத்தைக் குறிப்பது. துருவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. நம் வீடுகளில் எவர்சில்வர் என்று வழங்கும் பாத்திரமே இக்கடலோரத்தில் தேநீர்க் கறைபோல் பழுப்பேறுவதை எவரும் காணலாம். மாலிப்டினம் சேர்த்த உயர்தர எஃகில் நட்டும் வாஷரும் வாங்குவது நல்லதே. ஆனால் டிரக்கின் உடல் அலுமினியம் என்பதை மறக்கலாகாது. உப்பீரத்தில் இவ்விரண்டும் தொட்டுக்கொண்டிருந்தால், துருவேறாத போல்ட்டுக்காக அலுமினியம் தன்னை இழக்கும். வெண்பொடி கட்டிப் போல்ட் அசையாமல் இறுகிவிடும். இடையே சிறிது கிரீஸ் தடவிப் பூட்டுவதே அதற்கு மருந்து.

அடுத்த அறிவுரை, டபிள்யு.டி-40. 1953இல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட இதன் பெயரே, நீரை விலக்கும் கலவைக்கான நாற்பதாம் முயற்சி என்பதைக் குறிக்கிறது. ஏவுகணையின் உலோகத் தோலைத் துருவிலிருந்து காக்கவே அது முதலில் பயன்பட்டது. நீரை விலக்குவதிலும், இறுகிய நட்டை இளக்குவதிலும் அதற்கு இணை குறைவு. ஆனால் அதை அடித்துவிட்டு அதுவே மசகெண்ணெய் என்று விட்டுவிட்டால், அதிலுள்ள கரைப்பான் பேரிங்கின் பழைய கிரீஸையும் கழுவிக்கொண்டு போய்விடும்; எஞ்சுவது மெல்லிய படலம். சில நாட்களில் நிலைமை முன்னிலும் மோசமாகும். வீட்டுத் தேங்காயெண்ணெயும் இவ்வாறே. அரிவாளுக்குப் பூசி வைக்க அது போதும். பேரிங்குக்குள் விட்டால் நாளடைவில் பிசினாகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

உண்மையான விடையை எனக்குச் சொன்னவர்கள் இருவர். இருவரும் ஆய்விதழ்களை வாசிப்பவர்கள் அல்லர்.

ஒருவர் பக்கத்து வீட்டு மீனவர். கடலிலிருந்து வந்ததும், உறங்கப் போகுமுன் தம் படகெஞ்சினைக் கழற்றி, நன்னீர் நிறைந்த பீப்பாயில் அதன் கீழ்ப்பகுதியை அமிழ்த்திச் சிறிது நேரம் ஓடவிடுவார். உள்ளே சுற்றிய கடல்நீரை நன்னீர் வெளியேற்றிவிடும். எவ்வளவு களைப்பானாலும் இதைத் தவறவிட மாட்டார். ‘உப்பு ராத்திரி தூங்காது’ என்பது அவர் தரும் விளக்கம். மெக்னீசியம் குளோரைடின் ஈரம் உறிஞ்சும் பண்பை இதைவிடச் சுருக்கமாக எவரும் எனக்குச் சொன்னதில்லை.

மற்றவர், எங்கள் ஊரில், குமரி மாவட்டத்தில், நாற்பதாண்டுகளாகச் சைக்கிள் கடை வைத்திருக்கும் பெரியவர். முறிந்த கிங்பின்னை அவரிடம் காட்டினேன். ‘வினிகர்ல ராவு முழுக்க போட்டியா மக்களே? படிச்ச புள்ளதானே நீ?’ என்றார். அதன்பின் அவர் காட்டிக்கொடுத்த முறையையே இங்கு எழுதுகிறேன்; காரணங்களை மட்டும் நான் சேர்த்திருக்கிறேன்.

அச்சு முனையின் நட்டைக் கழற்றிச் சக்கரத்தை எடுக்க வேண்டும். பேரிங்கைச் சக்கரத்திலிருந்து பிடுங்கத் தனிக் கருவி வேண்டா. அச்சின் முனையில் பாதிவரை மாட்டிச் சற்றுச் சாய்த்து நெம்பினால் வந்துவிடும். அதன் ரப்பர் மூடியை ஊசியால் ஓரத்தில் தூக்கி எடுத்தால் உள்ளே உருளைகள் தெரியும். ஒரு பழைய டப்பாவில் மண்ணெண்ணெய் ஊற்றி (இப்போது அது கிடைப்பது அரிது; பெயின்ட் கடை டர்பன்டைனும் ஆகும்) பேரிங்குகளைப் போட்டு மூடிக் குலுக்க வேண்டும். கரிய நீர் தெளியும்வரை மாற்றி மாற்றி மூன்று முறை. சன்னலைத் திறந்து வைக்கவும், அடுப்பருகே கூடாது, சக்கரத்தின் மீதும் டிரக்கின் ரப்பர்ப் பகுதிகள் மீதும் இந்நீர் படலாகாது. பின் துணியில் பரப்பி முழுதும் உலரவிட வேண்டும். உலர்ந்ததும் விரலில் மாட்டிச் சுழற்றிப் பார்த்தால் பேரிங்கே தன் நிலையைச் சொல்லும். வழவழவென்று சுழன்றால் பிழைத்தது. மேலோட்டமான கறையானாலும் பிழைக்கும். கரகரவென்று தடுக்கினால் தடத்தில் குழி விழுந்துவிட்டது; எந்த எண்ணெயும் அதை நிரப்பாது; தயங்காமல் எறிந்துவிட வேண்டும். பிழைத்தவற்றுக்குத் தையல் மெஷின் எண்ணெய் இரண்டே சொட்டு. மழைக்காலமானால் எண்ணெய்க்குப் பதில் இலேசான கிரீஸ். வேகம் சற்றுக் குறையும், ஈரம் உள்ளே புகாது.

நட்டு, வாஷர், அச்சு முனை ஆகியவற்றில் படிந்த துருவைத் தேய்க்க உப்புத்தாள் போதும். (உப்பு கொண்டுவந்ததை உப்புத்தாள் கொண்டே நீக்குகிறோம்.) தேய்த்த இடத்தில் துத்தநாகப் பூச்சு போயிருக்கும் என்பதால் உடனே எண்ணெய்த் துணியால் துடைக்க வேண்டும். கிங்பின் மட்டும் இவ்விதிக்கு உட்படாது. ரப்பருக்குள் மறைந்திருக்கும் அதன் நடுப்பகுதியில் துருவோ குழியோ கண்டால், தேய்க்காமல், ஊறவைக்காமல், மாற்றிவிடுங்கள். அதன் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுதான்.

இவையெல்லாம் துரு வந்தபின் செய்வன. வராமல் இருக்க ஒவ்வொரு முறையும் ஓட்டிய மாலையிலேயே நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் டிரக்கையும் நட்டுகளையும் துடைக்க வேண்டும். அடுத்து உலர்ந்த துணி. இறுதியில் எண்ணெய் தொட்ட துணி. ஐந்து நிமிட வேலை. இதில் முதற்படியைப் பலர் விட்டுவிடுகின்றனர், நீர் பட்டால் துருவேறும் என்ற அச்சத்தால். உப்பை நீக்காமல் அதன்மேல் எண்ணெய் பூசுவது, திருடனை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டுவதற்கு ஒப்பாகும். பலகை கடலைப் பார்த்த முற்றத்தில் இராமல் உள்ளறையில் இருக்கட்டும். பிளாஸ்டிக் பைக்குள் ஈரத்தோடு கட்டி வைப்பது முற்றத்தைவிடக் கேடு.

இனி நண்பர்களோடு என் வழக்குக்கு வருகிறேன். இரும்பின் பெருமை பேசும் கருத்தரங்குகளில் தில்லி இரும்புத்தூண் தவறாமல் வந்துவிடும். ஆயிரத்தறுநூறு ஆண்டுகள் துருப்பிடிக்காமல் நிற்பது, பாஸ்பரஸ் மிகுந்த இரும்பு, காவல் படலம் என்பனவெல்லாம் உண்மையே. ஆனால் 1961இல் தூணைத் தோண்டி எடுத்தபோது மண்ணுக்குள் இருந்த பகுதி துருவேறியிருந்ததையும், அப்பகுதிக்கு ஈயத்தகடு சுற்றி மீண்டும் நட்டதையும் எவரும் சொல்வதில்லை. அந்த ஈயத்தகடு பெருமைக்குள் அடங்குவதில்லை போலும்.

பாம்பனை எடுத்துக்கொள்ளுங்கள். 1914இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலம், இந்நாட்டில் உலோகத்தை மிகக் கொடுமையாக அரிக்கும் கடற்காற்றுக்கு நடுவே நூறாண்டுக்கு மேல் நின்றது; 2022 டிசம்பரில்தான் அதன்மேல் ரயில்கள் நிறுத்தப்பட்டன. 1964 புயலுக்குப்பின் 46 நாளில் அதை மீட்ட இ. ஸ்ரீதரனை நாடறியும், அறியப்பட வேண்டியவரே. அதன் தூலங்களில் தொங்கியபடி ஆண்டுதோறும் துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடித்தவர்களில் ஒருவர் பெயரையேனும் நாம் அறிவோமா? 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் பூச்சும் இட்டுள்ளனர். வரவேற்கத்தக்கது. அதற்கும் ஒருநாள் ஒருவர் தூரிகையோடு தொங்கவே வேண்டும்.

நம் துறை முன்பு இவ்வாறு இல்லை. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் அளித்த நிலத்திலும் நிதியிலும் எழுந்து 1953இல் தொடங்கிய மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தார், மண்டபம் கடற்கரையில் ஆய்வுநிலையம் அமைத்து, உலோகத் தகடுகளை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் வெயிலிலும் உப்பிலும் நிறுத்தி வைத்து அளந்தனர். நாட்டின் எப்பகுதியில் உலோகம் எவ்வளவு அரிபடும் என்ற அறிவு அத்தகைய பொறுமையில் பிறந்தது. இன்று எங்களுக்கு அப்பொறுமைக்கு நேரமில்லை. அமிலக் கிண்ணத்தில் ஆறு மணி நேரத்தில் முடிவு வந்துவிடும். ஆண்டுக்கு மூன்று கட்டுரை. அமிலத் தடுப்பான்களுக்குத் தொழிற்சாலைகளில் இடமுண்டு, மறுக்கவில்லை. எஃகுத் தகட்டின் செதிலை நீக்கும் அமிலத் தொட்டிகளுக்கு அவை தேவை. ஆனால் அத்தேவையை முன்னுரையில் ஒரு வரியில் எழுதிவிட்டு, எந்தத் தொட்டியையும் நேரில் காணாமலே பட்டம் பெறுகிறோம். கடலுக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் ஆய்வகம் வைத்துக்கொண்டு கடற்காற்றில் ஒரு தகட்டைத் தொங்கவிடாதவர்களில் நானும் ஒருவன்.

ஆய்வகத்துக்குள்ளும் இதே கதைதான். புதுக்கருவி வாங்க நிதி கேட்டால் கிடைக்கும். இருப்பதற்கு எண்ணெய் விட ஆள் கேட்டால் கிடைக்காது. அரிமானத்தை அளக்கும் கருவியின் அலமாரிக் கீலே துருப்பிடித்துத் திறக்காமல் போன ஓர் இடத்தை நான் அறிவேன், பெயர் வேண்டா.

இதில் நானும் பங்காளி. ஆய்வு மாணவர் சிலர் சேர்ந்து எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இரண்டு பழைய பலகைகள் வாங்கிக் கொடுத்தோம். கோவளத்தில் எஸ்.ஐ.எஸ்.பி. தொண்டு நிறுவனத்தின் துணையோடு வளர்ந்த சர்ஃபிங், ஸ்கேட் குழுக்கள், பள்ளிக்குப் போகாதவர்க்குப் பலகை இல்லை என்னும் விதியோடு மீனவக் குடும்பப் பிள்ளைகளிடையே செய்தவற்றைக் கண்டு எழுந்த ஆசை அது. ஒரு பருவமழை கடந்ததும் இரண்டு பலகையும் நின்றுவிட்டன. பலகை மட்டமானது, புதிது வாங்கப் பணம் திரட்டலாம் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். கிங்பின் முறிந்தபின்தான் அவற்றைத் திறந்து பார்த்தேன். பதினாறு பேரிங்கில் ஒன்பது பிழைத்தன. ஏழு மட்டும் புதிதாக வாங்கினோம். அவற்றைக் கழுவி எண்ணெய் இட்டவர்கள் அப்பிள்ளைகளே. வீட்டுக்காரர் மகன் இப்போது என்னைவிட விரைவாக மூடியைக் கழற்றுகிறான். பிழைத்தவை எத்தனை, போனவை எத்தனை என்று தேதியிட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதிவருகிறான். எங்கள் மொட்டைமாடியில், கடலைப் பார்த்த பக்கமும் உள்பக்கமுமாக, எடை பார்த்த ஆறு எஃகுத் தகடுகளும் சென்ற தை முதல் தொங்குகின்றன. மேற்பார்வையாளரிடம் இன்னும் சொல்லவில்லை; இப்பதிவின் வழியே அறிவார்.

வரும் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அதே மொட்டைமாடியில் பேரிங் கழுவுகிறோம். திருவனந்தபுரத்தில் உள்ள நண்பர்கள் தம் பலகையோடு வரலாம், முகவரி தனிச்செய்தியில். பழைய பல்துலக்கி ஒன்றும் கிழிந்த வேட்டித் துணியும் எடுத்து வாருங்கள். டர்பன்டைன் என்னிடம் இருக்கிறது. ஆகவே புகைப்பிடிப்போர் படியிறங்கித் தெருவுக்குப் போய்விட்டு வரவும்.